சாட்சி நேரத்தில் இடம் கிடைக்காத பாடுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் காணிக்கைக்கு முன்பு, தேவன் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல, பத்து நிமிடம் சாட்சி நேரம் உண்டு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பிஆர் (நிரந்தரவாசம்) கிடைத்தது, மகன் ஓ லெவல் தேர்வில் தேறினான், வேலை போன இரண்டாம் மாதமே வேறு வேலை அமைந்தது. சொல்லி முடித்ததும் சபை "ஸ்தோத்திரம்" என்கிறது. நானும் அங்கே நின்று பேசியிருக்கிறேன். அந்த நன்றியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் முடிந்துபோன கஷ்டங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. இன்னும் முடியாத கஷ்டத்தோடு இருக்கிறவர் எங்கே நின்று பேசுவார் என்று பல வருடங்களாக நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அண்ணன்.

சபையின் சந்திப்பு ஊழியத்தில் நான் இருக்கிறேன். நோயாளிகளையும் முதியவர்களையும் வீட்டிலும் மருத்துவமனையிலும் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. அண்ணனும் அண்ணியும் சம்மதம் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அண்ணனுக்கு அப்போது 57 வயது. இருபது வருடத்துக்கும் மேலாக பஸ் ஓட்டியவர். உட்லண்ட்ஸில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. சர்க்கரை நோய் நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. ஷிப்ட் வேலை, நேரம் தப்பிய சாப்பாடு, பாதி நாள் மறந்துபோகும் மாத்திரை. 2022 ஆகஸ்டில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரில் இது அபூர்வமான கதை இல்லை. இங்கே சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணமே சர்க்கரை நோய்தான். 2016-ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை மிஷின் வழியாகச் சுத்தம் செய்வது. திங்கள், புதன், வெள்ளி, காலை 7 மணி முதல் 11 மணி வரை. நிலையம் அடுத்த பேட்டையில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா செய்திருக்கிறார்கள். தொட்டால் ஓடும் ரத்தத்தின் அதிர்வு விரலில் தெரியும்.

ஊசியைவிட அவரை வாட்டியது தாகம். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். டாக்டர் அவருக்குக் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 800 மில்லி. தேத்தண்ணீர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர், ஐஸ்கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இளநீர் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். வாழைப்பழமும் அப்படித்தான். நம் வெயிலில் 800 மில்லி என்றால் என்னவென்று ஒரு நாள் நானே அளந்து குடித்துப் பார்த்தேன். மாலை நான்கு மணிக்குள் தீர்ந்துவிட்டது.

இன்னொன்றை நான் வெகு நாள் கவனிக்கவில்லை. வெள்ளிக்கு அடுத்த டயாலிசிஸ் திங்கள். வாரத்திலேயே நீண்ட இடைவெளி அது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு மோசமான நாள். கால் வீங்கியிருக்கும், மூச்சு கனமாக இருக்கும், நாக்கு வறண்டிருக்கும். அந்த நாளில்தான் அவர் சட்டை மாட்டிக்கொண்டு ஆராதனைக்கு வருவார். முடிந்ததும் நாங்கள் அன்போடு காப்பியை நீட்டுவோம். "ஏன் அண்ணே, ஒரு வாய் குடிக்கக்கூடாதா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

பெயர் விழுந்துபோனது

முதல் மூன்று மாதம் அவர் பெயர் சபையின் வாராந்தர புல்லட்டினில் ஜெபக் குறிப்புப் பட்டியலின் மேலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கும் குறைவில்லை. அப்புறம் புதுப் பெயர்கள் வந்தன. ஒரு பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது, ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. பட்டியலில் பன்னிரண்டு வரிகளுக்குத்தான் இடம். 2022 டிசம்பர் புல்லட்டினில் அண்ணன் பெயர் இல்லை. எடுத்துவிடலாம் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. பழைய தாள்களை எடுத்துப் பார்த்தபோது, வாரா வாரம் கீழே இறங்கி இறங்கி ஒரு வாரம் இல்லாமல் போயிருந்தது. அவர் அதைக் கவனித்திருந்தார். "நான் சுகமாயிட்டேன்னு நெனச்சுட்டாங்க போல தம்பி" என்று வெகு காலம் கழித்துச் சொன்னார்.

இந்த இடைவெளியில்தான் மற்றவர்கள் சொன்ன விளக்கங்கள் அவருக்குள் இறங்கின. ஒருவர் வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் "இது உங்க சிலுவை, பொறுமையா சுமங்க" என்றார். 2023 மார்ச்சில், ஒரு சனிக்கிழமை, எங்கள் சபைக்கு வெளியே நடந்த ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு உறவினர் அவரை அழைத்துப் போனார்கள். ஜெபித்தவர் அவர் தலையில் கை வைத்து, "சுகம் கிடைத்துவிட்டது, இனி அந்த மிஷினை நம்பினால் அவிசுவாசம்" என்றாராம்.

திங்கள் போகவில்லை. புதனும் போகவில்லை. வியாழன் இரவு படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, பொட்டாசியம் ஏறிவிட்டது. அண்ணி ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைத்தார். அவசர டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கலாம் என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்த இடம் இது, இன்றும் அது ஆறவில்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது "உன்னைக் குணமாக்குவேன்" என்று தேவனே சொல்லியனுப்பினார். அப்படிச் சொன்ன பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். மருந்தைத் தொட்டால் விசுவாசம் கெடும் என்ற பேச்சு வேதத்திலேயே இல்லை. அப்போஸ்தலன் பவுலின் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள். அதே பவுல்தான் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது எடுக்கப்படவில்லை. இவர்களில் ஒருவரிடமும் விசுவாசம் குறைவாக இருந்தது என்று வேதம் சொல்லவில்லை.

என் தவறு

வெள்ளி மாலை மருத்துவமனைக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், பக்கத்தில் அண்ணி. நான் பயந்துபோயிருந்தேன், அதனால் வேகமாகப் பேசினேன். ரோமர் 8:28-ஐ எடுத்துச் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று வாசித்து, தேவன் இதற்குள் ஒரு நோக்கம் வைத்திருக்கிறார் என்று பத்து நிமிடம் விளக்கினேன். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி மெதுவாக, "தம்பி, போதும்" என்றார்.

வசனத்தில் குற்றம் இல்லை. ஆனால் அது பவுலின் வாயிலிருந்து வந்த வசனம். அடிபட்டு, சிறையிருந்து, கப்பற்சேதத்தில் தவித்த மனிதர் தன் பாடுகளைக் குறித்துத் தானே சொல்லிக்கொண்டது. நான் அதை எடுத்து, மூச்சு விடத் திணறுகிறவர்மேல் வைத்தேன். என் பயம் அடங்குவதற்காகவே வாசித்தேன் என்று இப்போது தெரிகிறது.

எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில் தேவன் கோபப்பட்டது தன்னிடம் அத்தனை கேள்வி கேட்ட யோபுவின் மேல் இல்லை, தனக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல்தான். இந்தப் பகுதியை நான் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

வெட்கத்தால் மூன்று வாரம் அவரைப் பார்க்கப் போகவில்லை. அது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது.

மறுபடி போனபோது

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, டயாலிசிஸ் முடியும் நேரத்துக்கு நிலையத்துக்கு வெளியே போய் நின்றேன். அண்ணி புளோக்கின் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வெளியே வந்தார், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். "வா, உக்காரு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல புதன்கிழமைகள் அந்தப் பெஞ்சில் கழிந்தன. பேச்சு பெரும்பாலும் பழைய பஸ் ரூட்டுகளைப் பற்றித்தான்.

ஒரு நாள் அவராகவே கேட்டார். "தம்பி, நான் மாத்திரை ஒழுங்கா போடல. அது எனக்கே தெரியும். அப்ப இது ஆண்டவர் குடுத்த தண்டனைதானே?"

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது. மாத்திரை போடாதது ஒரு காரணம், சரி. அதை மறைத்துப் பேசினால் அவர் என்னை நம்பமாட்டார். ஆனால் காரணம் வேறு, தண்டனை வேறு. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு அந்தக் கணக்கையே நிறுத்தினார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் இல்லை என்றார். "மாத்திரைக்காக வருத்தப்படுங்கண்ணே, அதுக்கு மன்னிப்பு உண்டு. ஆனா ஆண்டவர் கையில ஊசி வச்சுக்கிட்டு உங்களப் பழிவாங்க நிக்கலை" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அண்ணி சொன்னார், அன்று ராத்திரி வெகு நேரம் அழுதாராம்.

"உங்க சிலுவை" என்று சொன்னவரைப் பற்றியும் இங்கே எழுத வேண்டும். அது நல்ல மனதோடு சொன்னதுதான், நம் சபைகளில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்று இயேசு சொன்னது, ஒருவன் தெரிந்தே எடுத்துக்கொள்கிற ஒன்றை. விசுவாசத்துக்காக வேலையை இழப்பது, வீட்டார் ஒதுக்குவது, அடி வாங்குவது அந்த வகை. சிறுநீரகம் செத்துப்போவதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை, அது வந்து விழுகிறது. ரோமர் 8-ல் சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று வருகிறதே, அண்ணனின் வலி அந்தத் தவிப்பில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் நோயாளி வலியை மாற்றக் கேட்பதே கீழ்ப்படியாமை என்று நினைத்துவிடுகிறார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசுவே பாடுகளின் பாத்திரத்தை நீக்கும்படிக் கேட்டார். பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டினார் என்கிறது எபிரெயர் நிருபம்.

சாங்கியில் ஒரு சனிக்கிழமை

இது திட்டமிட்டதே இல்லை. 2024 ஜூன் பள்ளி விடுமுறையில் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளைச் சாங்கி சிற்றாலயத்துக்கும் அங்குள்ள அரும்பொருளகத்துக்கும் அழைத்துப் போனோம். சனிக்கிழமை அண்ணனுக்கு ஓரளவு தெம்பான நாள், அவரும் வேனில் ஏறிக்கொண்டார். ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதியாக இருந்த ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் வீரர் வரைந்த சுவரோவியங்களின் நகல்கள் அங்கே இருக்கின்றன. மூல ஓவியங்கள் சாங்கி விமானப்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. 1942-ல் ராபர்ட்ஸ் பாளையத்தில் கைதிகளின் மருத்துவமனையில் வயிற்றுக்கடுப்பும் சிறுநீரக நோயுமாகக் கிடந்தவரை, அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவரில் வரையச் சொன்னார்கள். கொஞ்சம் வரைவார், படுப்பார், மறுபடி வரைவார். நீல நிறத்துக்கு பில்லியர்ட்ஸ் மேசைச் சுண்ணக்கட்டியை அரைத்தார்கள். ஐந்து ஓவியங்கள். சிலுவைக் காட்சியில், தங்களை அடைத்துவைத்திருந்தவர்களையும் மனதில் வைத்து, பிதாவே இவர்களுக்கு மன்னியும் என்ற வார்த்தையை எழுதினார்.

சிறுநீரக நோய் என்று வழிகாட்டி சொன்னதும் அண்ணன் நின்றுவிட்டார். பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போன பிறகும் நகரவில்லை. வேனில் திரும்பும்போது கேட்டார்: "அவருக்கு சரியாச்சா?" வாரன் போரில் பிழைத்ததையும், 1958-ல் ஓவியங்கள் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதையும், முதலில் தயங்கினாலும் 1963, 1982, 1988 என்று மூன்று முறை வந்து அவற்றைச் சீர்செய்ததையும் சொன்னேன். "வரையும்போது சரியாகலை இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். சுகமான பிறகு சொன்ன சாட்சியாக இல்லாமல், படுக்கையிலிருந்து எழுந்தெழுந்து வரைந்ததாக அது இருந்ததுதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஐந்தாம் வார்த்தை

பெரிய வெள்ளி அன்று எங்கள் சபையில் 12 மணி முதல் 3 மணி வரை ஏழு வார்த்தைத் தியானம் நடக்கும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். டயாலிசிஸுக்குப் பொது விடுமுறை கிடையாது. அதனால் 2023-லும் 2024-லும் அண்ணன் காலையில் மிஷினோடு இருந்துவிட்டுக் களைத்து வீட்டுக்குப் போய்விட்டார். 2025-க்கான பட்டியல் போடும்போது, "தாகமாயிருக்கிறேன்" என்ற ஐந்தாம் வார்த்தையை அவருக்குக் கொடுக்கலாமா என்று போதகரிடம் கேட்டேன். போதகர் சற்று யோசித்து, "அவரையே கேளுங்க" என்றார். அண்ணனிடம் கேட்டபோது, "நான் என்ன பேசுறது, எனக்கு ஒண்ணும் சரியாகலையே" என்றார். அந்த ஒரு வரியில் எங்கள் சபை இத்தனை காலம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது முழுவதும் இருந்தது.

ஏப்ரல் 18. பதினொன்றரைக்கு நிலையத்திலிருந்து நேராக டாக்சியில் வந்தார், முழங்கையில் கட்டோடு. முறை வந்தபோது நாற்காலி போட்டோம். சங்கீதம் 22-ஐத் திறந்து, "என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது" என்ற வரியை வாசித்தார். அப்புறம் நான்கு நிமிடம்கூடப் பேசவில்லை. தன் 800 மில்லியைப் பற்றிச் சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நாக்கில் ஐஸ்கட்டி வைத்துக்கொள்வதைச் சொன்னார். "தாகமாயிருக்கிறேன்னு ஆண்டவரே வாயத் திறந்து சொன்னாரு. நான் சொல்றதுக்கு மூணு வருஷமா வெக்கப்பட்டேன். இப்பவும் தாகமாத்தான் இருக்கேன். நாளைக்கும் இருப்பேன். எனக்காக ஜெபம் பண்றத நிறுத்திராதீங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வழக்கமாக வரும் "ஸ்தோத்திரம்" வரவில்லை. அமைதியாக இருந்தது. ஆராதனை முடிந்து போகும்போது ஒருவர், இதில் நம்பிக்கை தரும் முடிவு இல்லையே, வந்திருக்கும் புது ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களில் மற்ற எந்த வகையையும்விடப் புலம்பல்கள்தான் அதிகம். பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்புகின்றன. 88-ஆம் சங்கீதம் திரும்புவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் இஸ்ரவேலர் தேவனுக்கு முன்பாகப் பாடினார்கள், புத்தகத்திலிருந்து நீக்கவில்லை. தேவனிடமே முறையிடுகிறவன் இன்னும் தேவனை விட்டுப்போகவில்லை. உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன், அண்ணனிடம் அதைக் கண்ணாலும் பார்த்தேன். ஆனால் பொறுமை உண்டான பிறகுதான் மேடை என்று வைத்துவிட்டோமானால், அது உண்டாகும் வரை அவர் தனியாகக் கிடக்க வேண்டும்.

அடுத்த வாரங்களில் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் முதுமறதி வந்த தாயைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். அவர் பெயர் எந்த ஜெபக் குறிப்பிலும் ஒருமுறைகூட வந்ததில்லை. இப்போது புல்லட்டினில் பன்னிரண்டு வரிக்குக் கீழே இன்னொரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள பெயரை, அவர்களே எடுக்கச் சொன்னால் ஒழிய, எடுக்கமாட்டோம்.

அண்ணி

இந்த நிகழ்வில் நாங்கள் கடைசிவரை கவனிக்காத ஒன்று உண்டு. என் குறிப்பேட்டில் அண்ணன் பெயரில் முப்பத்தைந்துக்கும் மேல் சந்திப்புகள் எழுதியிருக்கிறேன். அண்ணியைப் பற்றி இருப்பதெல்லாம் "மனைவி உடனிருந்தார்" என்ற வரிதான். விடியற்காலை நாலரைக்கு எழுவது அவர், அரிசியையும் காய்கறியையும் அளப்பது அவர், பெஞ்சில் நான்கு மணி நேரம் காத்திருப்பது அவர். சென்ற ஜூலையில் அவருக்கே ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழுந்தார்.

பார்க்கப் போனபோது, உங்களுக்கு என்ன ஜெபம் வேண்டும் அண்ணி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜெபம் பண்ணுங்க தம்பி. ஆனா வெள்ளிக்கிழமை காலையில யாராவது அவரோட போனா, நான் கொஞ்சம் தூங்குவேன்" என்றார்.

இப்போது ஆறு பேர் முறை வைத்துப் போகிறோம். அண்ணனை ஆறரைக்குக் கூட்டிப்போய் விடுவது, பதினொன்றுக்குத் திரும்ப வந்து ரத்தம் நின்றதா என்று பார்த்து வீட்டில் சேர்ப்பது. வேறொன்றும் இல்லை. இந்த வெள்ளி என் முறை. கதவைத் தட்ட வேண்டாம், அண்ணி எழுந்துவிடுவார், லிப்ட் பக்கத்தில் நிற்கிறேன் என்று அண்ணன் நேற்றிரவே செய்தி அனுப்பியிருக்கிறார்.